காட்டுத்திராட்சை: ஒரே காட்டுக்குள் இலை இவ்வளவு மாறுவது ஏன்? எதை நம்பி அளப்பது?

ஆற்றுக்கொடி

எல்லாருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வுக்காக ஐரோப்பியக் காட்டுத்திராட்சையை, அதாவது வைட்டிஸ் வினிஃபெரா சில்வெஸ்ட்ரிஸை, இரண்டு ஆற்றங்கரைக் காடுகளில் அளந்துகொண்டிருக்கிறேன். இலை, தளிர்நுனி, பழம், விதை எல்லாவற்றையும் பன்னாட்டுத் திராட்சை அமைப்பான ஓஐவியின் பண்புப் பட்டியல்படிதான் குறித்தேன்.

இரண்டும் வெவ்வேறு ஆற்றுப்படுகைகள். அதனால் வரைபடத்தில் புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரியும் என்று நினைத்திருந்தேன். பிரியவில்லை. ஒரு கொடியில் இலை மடலே இல்லாமல் வட்டமாக இருக்கிறது. பத்தடி தள்ளி இன்னொரு கொடியில் ஐந்து மடலாக ஆழமாகப் பிளந்திருக்கிறது. ஒன்றின் அடிப்புறம் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக இருக்கிறது, மற்றொன்று வழவழவென்று பச்சையாக இருக்கிறது. பல அளவுகளைச் சில அச்சுகளாகச் சுருக்கிக் காட்டும் முதன்மைக் கூறு பகுப்பாய்வில் இரண்டு காடுகளும் கலந்து ஒரே மேகமாகத் தெரிகின்றன.

"புறத்தோற்றத்தை விட்டுவிட்டு டிஎன்ஏவோடு நிறுத்திக்கொள்" என்று ஆய்வுக்கூடத்தில் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. கண்ணுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியும் வேறுபாட்டுக்கு ஒரு பொருள் இருக்கத்தானே வேண்டும்? எங்கே தவறுகிறேன் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தாவரக்கூடம்

தம்பி, முதலில் மூன்று கேள்வி. இலைகளை எந்தக் கணுவிலிருந்து எடுத்தீர்கள்? எந்த உயரத்தில்? எந்த மாதம்?

திராட்சைக் கொடியில் ஒரே கிளையிலேயே இலை உருமாறிக்கொண்டு போகும். அடிக்கணுவில் வரும் முதல் இலைகள் சிறியவை, பிளவு குறைவு. நடுப்பகுதியில்தான் அந்தக் கொடிக்கே உரிய வடிவம் வரும். நுனியை நெருங்கினால் மறுபடி வேறு கதை. முதிர்ந்த இலையைக் கிளையின் நடுப்பகுதியில், காய் பிடித்த பிறகு, பழம் நிறம் மாறுவதற்கு முன் எடுக்க வேண்டும் என்று ஓஐவி சொல்வது இதனால்தான். அடிக்கணு இலை ஒரு கொடியிலிருந்தும் நடுக்கணு இலை இன்னொரு கொடியிலிருந்தும் வந்திருந்தால், நீங்கள் அளந்தது கொடிகளின் வேறுபாட்டை அல்ல, கணுக்களின் வேறுபாட்டை.

உயரம் இன்னும் பெரிய சிக்கல். தோட்டத்துத் திராட்சை நம் நெஞ்சளவில் நிற்கும். காட்டுத்திராட்சை மரத்தைப் பிடித்து இருபது மீட்டர் ஏறிப்போய் உச்சியில் வெயிலைப் பிடிக்கிறது. நம் கைக்கு எட்டுவதெல்லாம் நிழலில் வளர்ந்த இலை. நிழல் இலை பெரியதாக, மெல்லியதாக இருக்கும், மயிரும் குறைந்திருக்கலாம். காட்டின் ஓரத்துக் கொடியையும் நடுக்காட்டுக் கொடியையும் ஒப்பிடும்போது வெளிச்சத்தைத்தான் ஒப்பிடுகிறோமோ என்ற ஐயம் எப்போதும் இருக்க வேண்டும்.

ஆற்றுக்கொடி

ஐயா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கைக்கு எட்டியதைத்தான் எடுத்தேன். கணு எண்ணைக் குறித்து வைக்கவில்லை. மாதம் மட்டும் சரி, எல்லாம் ஜூலை.

பந்தல்நிழல்

நான் ஆய்வாளன் இல்லை, திராட்சை வளர்ப்பவன். ஆனால் காட்டுக்கொடி என்றால் எனக்கு உயிர். ஆண்கொடியின் இலை ஆழமாகப் பிளந்திருக்கும், பெண்கொடியின் இலை முழுசாக இருக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சொல்வார்கள். நீங்கள் பார்த்த இரண்டு விதமும் ஆண், பெண் வேறுபாடாகவே இருக்கலாமே?

குரோமோசோம்19

பந்தல்நிழல் அண்ணா சொல்வது பழைய இலையியல் எழுத்துகளிலும் வரும் கருத்துதான். ஆனால் அதை விதியாக எடுத்துக்கொண்டு இலையைப் பார்த்தே பாலினத்தைத் தீர்மானிக்க முடியாது. விலக்குகள் நிறைய. பாலினத்துக்குப் பூதான் சாட்சி.

சரி, பூவுக்கே வருவோம். காட்டுத்திராட்சையில் ஆண் தனிக்கொடி, பெண் தனிக்கொடி. தோட்டத்து வகைகளில் பெரும்பாலானவை இருபால் பூ உள்ளவை. இந்த வேறுபாட்டை நிர்ணயிக்கும் பகுதி இரண்டாம் குரோமோசோமில், ஒரு சிறிய இடத்தில் இருக்கிறது. எளிதாகச் சொன்னால் மூன்று வடிவங்கள்: ஆணுக்கான எம், இருபாலுக்கான ஹெச், பெண்ணுக்கான எஃப். எம் மற்ற இரண்டையும் மீறும், ஹெச் எஃப்பை மீறும். காட்டு ஆண் எம்-எஃப், காட்டுப் பெண் எஃப்-எஃப். இவை இரண்டும் சேர்ந்தால் பிள்ளைகளில் பாதி ஆண், பாதி பெண்.

இப்போது பக்கத்துத் தோட்டத்திலிருந்து இருபால் கொடியின் மகரந்தம் காற்றில் வந்து காட்டுப் பெண்ணில் விழுகிறது என்று வையுங்கள். அந்தத் தோட்டத்து வகை ஹெச்-எஃப் ஆக இருந்தால், பிள்ளைகளில் பாதி இருபால், பாதி பெண். அந்த இருபால் கொடிகளைக் காட்டில் பார்த்ததும் கலப்பு என்று நமக்குச் சந்தேகம் வரும். ஆனால் அதே கலப்பில் பிறந்த பெண்கொடி அசல் காட்டுப் பெண்போலவே நிற்கும். பூவை வைத்து அவளைப் பிரித்தறிய வழியே இல்லை.

ஆண்கொடி விஷயம் வேறு. எம் வடிவம் தோட்டத்து வினிஃபெராவில் இல்லை. ஆகவே வினிஃபெரா தோற்றத்தில் ஓர் ஆண்கொடி நின்றால் அதன் தகப்பன் ஒரு காட்டு ஆண் என்பது உறுதி. தாய் யார் என்பது அப்போதும் தெரியாது. தோட்டத்திலிருந்து தப்பிப்போன கொடியாகக்கூட இருக்கலாம். பசுங்கணிகம் தாய்வழியாக வருவதால் அதன் டிஎன்ஏ தாய்ப்பக்கத்தைச் சொல்லும். தகப்பன் பக்கத்துக்குப் பூ, தாய்ப்பக்கத்துக்குப் பசுங்கணிகம். டிஎன்ஏ மட்டும் போதும் என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால்தான் கதை முழுமையாகும்.

ஆற்றுக்கொடி, உங்கள் கொடிகளில் எத்தனை ஆண், எத்தனை பெண்?

ஆற்றுக்கொடி

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பழம், விதைப் பண்புகளும் வேண்டும் என்பதால் முதல் பருவத்திலேயே பழம் பிடித்த கொடிகளுக்கு மட்டும்தான் எண் கட்டினேன். அப்படியென்றால் என் பட்டியலில் ஆண்கொடி ஒன்றுகூட இல்லை.

தாவரக்கூடம்

இந்த இழையில் வந்த மிக முக்கியமான வரி இது. உங்களை மட்டும் சொல்லவில்லை. பழத்தைத் தேடிப் போகிறவர்கள் எல்லாருக்கும் நேர்வதுதான். பழமில்லாத கொடியை யாரும் கவனிப்பதில்லை. காட்டைத் துப்புரவு செய்பவர்களுக்கும் அது மரத்தை நெரிக்கும் வெறும் கொடி, வெட்டிவிடுவார்கள். சேகரிப்புத் தோட்டத்துக்குக் குச்சி எடுக்கப் போகிறவரும் இலையுதிர்காலத்தில் பழத்தை வைத்துக் கொடியை அடையாளம் கண்டால் பெண்ணை மட்டுமே கொண்டுவருவார். குழுவில் சரிபாதி, பல இடங்களில் அதற்கும் மேலே, ஆண்கொடிகள். அவற்றை விட்டுவிட்டு எழுதிய "பன்முகத்தன்மை" பாதிக் குடும்பத்தின் படம்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் மேகத்தில் யார் யார் கலந்திருக்கிறார்கள் என்பது. ஆற்றங்கரையில் திராட்சை என்று நிற்பதெல்லாம் சில்வெஸ்ட்ரிஸ் அல்ல. 1860களில் பில்லோக்சிரா என்ற வேர்ப்பேன் அமெரிக்காவிலிருந்து வந்து பிரான்சின் தோட்டங்களை அழித்தது. பிறகு அமெரிக்க இனங்களின் வேர்ச்செடியில் ஐரோப்பிய வகைகளை ஒட்டுக்கட்டித்தான் மீட்டார்கள். அந்த வேர்ச்செடிகள், ரிப்பேரியா, ருபெஸ்ட்ரிஸ், பெர்லாண்டியெரி, அவற்றின் கலப்புகள், கைவிட்ட தோட்டங்களிலிருந்து கிளம்பி ஆற்றோரம் முழுக்கப் படர்ந்துவிட்டன. அவற்றிலும் ஆண்கொடி உண்டு. குரோமோசோம்19 "வினிஃபெரா தோற்றத்தில்" என்று கவனமாகச் சொன்னது இதற்காகத்தான்.

தளிர்நுனியைப் பாருங்கள். வினிஃபெராவில், காட்டிலும் சரி தோட்டத்திலும் சரி, நுனி விரிந்து திறந்திருக்கும், இளம் இலைகள் விலகி நிற்கும். ரிப்பேரியாவில் இளம் இலைகள் நுனியைப் பொத்தி மூடியிருக்கும். ருபெஸ்ட்ரிஸின் இலை நீளத்தைவிட அகலம் கூடிய சிறுநீரக வடிவம். காம்பு சேருமிடத்துப் பிளவு ஏறக்குறைய நேர்கோடாக விரிந்து கிடக்கும். ஒருமுறை கையில் வைத்துப் பார்த்தால் மறக்காது. கலப்புகள்தான் ஏமாற்றும்.

மயிரைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு காட்டில் இரண்டு விதமும் இருப்பது புதிதல்ல. சோவியத் திராட்சை ஆய்வாளர் நெக்ருல் 1946இல் தோட்டத்து வகைகளைப் போன்டிக்கா, ஆக்சிடென்டாலிஸ், ஓரியன்டாலிஸ் என்று மூன்று குழுவாகப் பிரித்தார். அவரே காட்டுத்திராட்சையையும் இலையின் மயிரை வைத்துத்தான் பிரித்தார்: மயிருள்ளது டிபிக்கா, மயிரற்றது அபெரன்ஸ். இன்று அந்தப் பெயர்களை வகைப்பாடாக யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கண் பார்த்த வேறுபாடு உண்மை. உங்கள் அடிப்புறப் பஞ்சுமயிர் ஓஐவி பட்டியலில் 084. அதை விட்டுவிடாதீர்கள். இலையின் மற்ற அளவுகளைவிட அது குழுவைப் பற்றி அதிகம் சொல்லக்கூடும். அடிச்சாம்பல் நோயின் வித்துகள் தண்ணீரில் நீந்தி இலைத்துளைக்குள் நுழைபவை. தண்ணீரை ஒட்டவிடாத பஞ்சுமயிர் அங்கே ஒரு தடுப்பாகிறது.

விதைமண்

தொல்தாவரவியல் பக்கத்திலிருந்து வருகிறேன். பழமுள்ள கொடி மட்டும் என்பது எங்களுக்கு வேறு விதத்தில் தலைவலி, எங்களுக்குக் கிடைப்பதே விதைதான். ஆண்கொடிக்கு விதை கிடையாது, மண்ணில் அவன் தடமே இல்லை.

விதையை அளந்ததாகச் சொன்னீர்கள். அகலத்தை நீளத்தால் வகுக்கும் குறியீட்டைத்தான் பயன்படுத்தியிருப்பீர்கள். 1911இல் ஸ்டும்மர், ஆஸ்திரியாவின் க்ளோஸ்டர்நியூபர்க் பகுதிக் காட்டுக்கொடிகளை வைத்துச் சொன்னது அது. 0.76 முதல் 0.83 வரை என்றால் காட்டுவிதை, உருண்டை, மூக்கு (விதையின் கூர்முனை) குட்டை. 0.44 முதல் 0.53 வரை தோட்டத்து விதை, நீளம், மூக்கு நீண்டது. நடுவில் 0.54 முதல் 0.75 வரை இரண்டும் வரும். அந்த நடுப்பட்டை எவ்வளவு அகலம் பாருங்கள்! ஒரு வட்டாரக் கொடிகளை வைத்து எழுதிய எல்லையை எல்லா நாட்டு விதைக்கும் போட்டுப் பார்த்ததில் பல தவறான முடிவுகள் வந்தன. கரிந்த விதையில் நீளம் சுருங்கி உருண்டை கூடிவிடும். அப்போது தோட்டத்து விதை காட்டுவிதைபோல வேடம் போடும். இப்போது விதையின் வெளிக்கோட்டையே ஃபூரியர் கணக்கில், அதாவது வளைவை அலைகளாகப் பிரித்து எண்ணாக்கும் முறையில், எடுத்துக்கொண்டு ஒப்பிடுகிறோம், அது எவ்வளவோ மேல்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் முக்கியம். ஒரு பழத்தில் எத்தனை விதை என்று குறித்தீர்களா? தனியாக இருக்கும் விதை நன்றாக உப்பி வரும். மூன்று, நான்கு சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று நெருக்கித் தட்டைப் பக்கங்கள் உண்டாகும். மகரந்தம் குறைவாகக் கிடைத்த கொடியில் விதை குறைவு, விதை குறைந்தால் வடிவம் மாறுகிறது. பக்கத்தில் ஆண்கொடி இருந்ததா இல்லையா என்பதே உங்கள் விதை அளவுக்குள் நுழைந்துவிடும்.

பந்தல்நிழல்

கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு ஐயம். காட்டுப்பழம் என்றால் சின்னதாக, உருண்டையாக, கருநீலமாக, கொத்து இடைவெளியோடு இருக்கும் என்றுதான் பார்த்திருக்கிறேன். நிறத்தில் வேறுபாடே கிடையாதா?

குரோமோசோம்19

கிட்டத்தட்ட கிடையாது அண்ணா. வெள்ளைத் திராட்சை என்பது நிறத்தை இயக்கும் இரண்டு அண்டை மரபணுக்கள் செயலிழந்ததால் வந்தது. ஒன்றில் தாவும் மரபுத்துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டது. அதுவும் இரண்டாம் குரோமோசோம்தான். மனிதன் அதைப் பிடித்துக் குச்சி நட்டுப் பெருக்கினான். காட்டில் விதையைப் பரப்புவது பறவை, பறவைக்குக் கருநீலம் கண்ணில் படும். ஆகவே காட்டில் நிறம் ஒன்றுபோலவும் இலை நூறு விதமாகவும் இருப்பதில் வியப்பில்லை. பழத்தின் மேல் தேர்வு இறுக்கமாக இருக்கிறது. இலை வடிவத்தின் மேல் அந்த இறுக்கம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆற்றுக்கொடியின் முதல் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. தனித்தனி ஆண், பெண் என்றால் ஒவ்வொரு விதையும் கட்டாயம் கலப்புமணத்தில் பிறந்தது. காற்றிலும் பூச்சியிலும் மகரந்தம், பறவையிலும் வெள்ளத்திலும் விதை. இப்படிப்பட்ட செடியில் வேறுபாட்டின் பெரும்பங்கு குழுக்களுக்கு இடையில் அல்ல, ஒரே குழுவுக்குள்தான் இருக்கும். உங்கள் இரண்டு காடுகள் ஒரே மேகமாகத் தெரிந்ததை மட்டும் வைத்து ஆய்வு தோற்றது என்று சொல்ல மாட்டேன். தூரம் பெரிதாகும்போதுதான் பிரிவு தெரியும். 2023இல் சயின்ஸ் இதழில் 3,525 கொடிகளின் மரபணுத்தொகையை வைத்து ஒரு கட்டுரை வந்தது. கிழக்கு, மேற்குக் காட்டுத்திராட்சை தெளிவாகப் பிரிந்தது அதில். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவிலும் காகசஸிலும் தனித்தனியாக வளர்ப்புக்கு வந்தது என்ற முடிவும் அதில்தான்.

கணக்குப்புள்ளி

புள்ளியியல் பற்றி ஒரே ஒரு குறிப்பு. ஓஐவி எண்கள் 1, 3, 5, 7, 9 என்பவை வரிசை எண்கள், அளவுகள் அல்ல. அவற்றையும் நரம்பு நீளத்தையும் ஒன்றாகப் போட்டு முதன்மைக் கூறு பார்த்தால், முதல் அச்சு முழுக்க இலை பெரிதா சிறிதா என்பதாகவே இருக்கும். நீளங்களை விகிதமாக மாற்றுங்கள், வரிசை எண்ணும் அளவும் கலந்த பண்புகளுக்குக் கோவர் தொலைவைப் பயன்படுத்துங்கள், அது இரண்டு வகையையும் சேர்த்து ஒப்பிடும் கணக்கு. கொடி ஒன்றுக்குப் பத்து இலையாவது எடுத்துக் கொடிக்குள் உள்ள வேறுபாட்டை முதலில் கழியுங்கள். மேகம் இன்னும் மேகமாகவே இருந்தால் அப்போது நம்பலாம்.

தாவரக்கூடம்

எல்லாம் சரி. என் பங்குக்கு ஒரு வேண்டுகோள். இயன்றால் ஆண், பெண் இரண்டிலும் குச்சி எடுத்து ஒரே மண்ணில் ஒரே வெயிலில் நட்டுப் பாருங்கள். நிழலா மரபா என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

அவசரமும் இருக்கிறது. இந்தச் செடிக்குத் தாவரவியலாளர் க்மெலின் முதலில் பெயரிட்டதே ரைன் ஆற்றுப்படுகைக் கொடிகளைப் பார்த்துத்தான், 1800களின் தொடக்கத்தில். 1817இல் பொறியாளர் டுல்லாவின் திட்டப்படி ரைனை நேராக்கத் தொடங்கினார்கள். வெள்ளம் ஏறி இறங்கிய காடுகள் வறண்டன, பல இடங்களில் வயலாயின. அதற்கு மேல் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் வேர்ப்பேனும் வந்தன. இன்று ஜெர்மனியில் சொல்லிக்கொள்ளும்படியான குழு என்றால் ரைன் ஆற்றின் கெட்ச் தீவில் இருப்பதுதான். வெள்ளம் தேங்கும் மண்ணிலும் மணலிலும் வேர்ப்பேன் பெருகாது. கொடிகள் மிஞ்சிய இடங்கள் பலவும் அப்படிப்பட்டவை. ஆணும் பெண்ணும் மகரந்தம் எட்டாத தூரத்தில் தனித்தனியாக மிஞ்சினால், இரண்டும் நூறாண்டு உயிரோடு நின்றாலும் அடுத்த தலைமுறை வராது.

ஆற்றுக்கொடி

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். ஏழு மாதம் ஆகிவிட்டது. பூக்கும் பருவம் முடிந்து இப்போதுதான் திரும்பினேன்.

நீண்ட கழியில் கத்தரிக்கோல் கட்டி உச்சிக் கிளையிலிருந்து பூங்கொத்துகளை இறக்கினேன். திராட்சைப் பூவுக்கு இதழ் விரியாது என்று படித்திருந்தேன், பார்த்தது இப்போதுதான். ஐந்து இதழும் மேலே ஒட்டியபடி, அடியில் கழன்று, பச்சைத் தொப்பிபோல ஒட்டுமொத்தமாக விழுகிறது. கைக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். முதல் கொடியில் தொப்பி கழன்றதும் மகரந்தத்தாள்கள் நீளமாக, நேராக நிமிர்ந்தன. நடுவில் சூலகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு மட்டும். அடுத்த கொடியில் குடுவைபோலச் சூலகம் நன்றாக இருந்தது. தாள்கள் குட்டையாக, வெளிப்பக்கம் வளைந்து கீழே சுருண்டிருந்தன. இரண்டு பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, இதைப் பார்க்காமல் இத்தனை நாள் இலையை மட்டும் அளந்தோமே என்று வருத்தமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து இன்னொரு வழியும் தெரிந்தது. ஆண்கொடியின் கொத்துகள் பூத்து முடிந்ததும் காய்ந்து முழுசாக உதிர்ந்துவிடுகின்றன. மரத்தடியில் பழுப்பு நிறத்தில் பூங்கொத்துகள் கிடந்தால் அண்ணாந்து பார்த்தால் போதும். இப்படித் தேடியதில், பெரிய வெள்ளைப் பாப்ளர் மரம் ஒன்றில் ஏறியிருந்த ஒரு ஆண்கொடி கிடைத்தது. அதன் தண்டு என் தொடை அளவு பருமன். மூன்று பருவமும் அதன்மேல் கைவைத்துத்தான் அந்த ஓடையைத் தாண்டிப் போயிருக்கிறேன். பழம் இல்லாததால் எண் கட்டவில்லை.

பழைய எண்களில் ஒரு கொடியின் தளிர்நுனி மூடியிருந்தது, அது ரிப்பேரியா கலப்பு, நீக்கிவிட்டேன். இரண்டு கொடிகள் இருபால். அவற்றைத் தனியாக வைத்திருக்கிறேன், பசுங்கணிக டிஎன்ஏ பார்க்கப் போகிறேன். பஞ்சுமயிர் மட்டும் பழைய அளவுகளில் தாக்குப்பிடித்தது. உச்சி இலையில் பார்த்தாலும் கீழிலையில் பார்த்தாலும், மயிருள்ள கொடி மயிருள்ளதாகவே இருக்கிறது, கீழே கொஞ்சம் அடர்த்தி குறைகிறது, அவ்வளவுதான். மடல் ஆழம் அப்படி இல்லை, அது கணுவோடு ஓடுகிறது. பந்தல்நிழல் அண்ணா, ஆண்கொடிகளில் ஆழமாகப் பிளந்ததும் உண்டு, வட்டமானதும் உண்டு.

ஓடையோரத்து ஆண்கொடிக்கு இப்போது எண் இருக்கிறது. குளிர்காலத்தில் அதிலிருந்து குச்சி எடுக்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். எந்த மாதம் எடுத்தால் நன்றாக வேர் பிடிக்கும் என்று பந்தல்நிழல் அண்ணா சொன்னால் உதவியாக இருக்கும்.

பந்தல்நிழல்

இலை முழுக்க உதிர்ந்து கொடி உறங்கும்போது எடுங்கள், மொட்டு உப்பத் தொடங்குவதற்கு முன்பே. பென்சில் பருமன், அந்த ஆண்டு முதிர்ந்த பழுப்புக் குச்சி, மூன்று நான்கு கணு. ஈரத் துணியில் சுற்றிக் குளிர்ச்சியில் வையுங்கள். தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க, அடிப்பக்கத்தைக் கணுவுக்குக் கீழே நேராகவும் மேல்பக்கத்தைச் சாய்வாகவும் வெட்டுங்கள். ஒவ்வொரு குச்சியிலும் கொடி எண்ணோடு ஆணா பெண்ணா என்பதையும் எழுதிக் கட்டுங்கள் தம்பி. குளிர்காலக் குச்சியில் அது தெரியாது.